கட்டில் உயரத்தில் ஒரு வண்டி

உலகத்தில் மற்ற இனங்களெல்லாம் மேலே ஏறுவதற்காகப் பிறந்தவை. கீழே இறங்குவதற்காகப் பிறந்தது நம் இனம் ஒன்றுதான். மலையேறியவன் உண்டு, நிலவுக்கு ஏறியவனும் உண்டு. ஆனால் தரையை முத்தமிடுகிற அளவுக்குத் தாழ்ந்து, அப்படியும் தலை நிமிர்ந்து போகிறவனைப் பார்க்க வேண்டுமானால் எஸ்பன்யோலா பள்ளத்தாக்குக்குத்தான் வர வேண்டும். வண்டியின் உயரத்தைக் குறைத்துத் தரையோடு இறக்குவதை மெக்கானிக் வேலை என்று நினைப்பவன் மூடன். அது தவம்.

இதைப் பெலார்மினோ குருலே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டயர்க்கடையின் பின்புறத்தில், ஐஸ்பெட்டியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்வார். சுற்றி நிற்கிற வண்டிகளெல்லாம் வயிறு தரையில் உரசுகிற உயரத்தில், கண்ணாடி போலப் பளபளத்துக்கொண்டு நிற்கும். கேட்பவர்கள் தொப்பியைக் கழற்றாத குறைதான். பேசி முடித்து அவர் ஏறிப் போகிற வண்டி 1979-ம் வருடத்துச் செவர்லே பிக்கப். கம்பெனியிலிருந்து எந்த உயரத்தில் வந்ததோ, ஒரு நூல் குறையாமல் அதே உயரத்தில் இருந்தது. பக்கத்து வீட்டு ஆடு அதன் அடியில்தான் படுத்து அசைபோடும். எழுந்து நின்று சோம்பல் முறித்தாலும் அதற்கு முதுகு இடிக்காது.

யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "அவசரப்படக் கூடாதுப்பா. இன்னும் யோசிச்சிட்டுத்தான் இருக்கேன்."

யோசிக்க ஆரம்பித்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் அந்த ஊரில் நாற்பது வண்டிகளாவது அவருடைய மேற்பார்வையில் இறங்கியிருக்கும். மேற்பார்வை என்றால், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த நட்டை எப்போது தளர்த்த வேண்டும் என்று பீர் பாட்டிலால் சுட்டிக் காட்டுவது. கவுண்டி எனும் மாவட்டத்தின் சாலைத்துறையில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் அவர். இன்னொருவன் கையில் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

கடைசியில் அவருடைய யோசனையை முடித்து வைத்தது அவர் மனைவி ஒர்லிந்தாவின் வலது முட்டி.

மார்ச் மாதம் சாந்தா ஃபே ஆஸ்பத்திரியில் அந்த முட்டியை எடுத்துவிட்டுப் புது முட்டி வைத்தார்கள். முட்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை மடக்கி அந்தப் பிக்கப்பில் ஏறுவது என்பது கூரைமேல் ஏறுகிற மாதிரி. பெலார்மினோ பால் பாக்கெட் வைக்கிற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் படியாகப் போட்டார். அது வழுக்கியது. ஒர்லிந்தாவுக்கு அடி ஒன்றும் படவில்லை. ஆனால் தெருவே பார்த்துவிட்டது. அடுத்த ஞாயிறு முதல் அவள் தன் தம்பி கொஸ்மேயின் வெள்ளை வேனில் பூசைக்குப் போனாள். தள்ளுகிற கதவு, தாழ்ந்த படி, கோப்பை வைக்க நாலு ஓட்டை.

முப்பத்தெட்டு வருடமாக அவள் அந்தப் பிக்கப்பின் நீள சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்ததே கிடையாது. நடுவில்தான், அவருடைய தோளில் இடித்துக்கொண்டு. ஜன்னலோரத்தில் அவளுடைய கைப்பை உட்காரும். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பெலார்மினோ வேனுக்குப் பின்னால் தனியாக ஓட்டிக்கொண்டு போனார். வேனின் பின்கண்ணாடி வழியாக ஒர்லிந்தாவின் கொண்டை தெரியும். சிக்னலில் நிற்கும்போது அது கொஸ்மேயின் மனைவி பக்கம் திரும்பிச் சிரிக்கும். என்ன சிரிப்பு என்று பின்னால் இருக்கிறவருக்குக் கேட்காது.

ஜூலை கடைசியில் புனித அன்னம்மாள் திருவிழா. அன்றைக்குப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்துவார்கள். சாமியார் ஒவ்வொன்றுக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார்.

"இந்த வருஷம் நீ என் பக்கத்துலதான் வர்றே," என்றார் பெலார்மினோ.

"ஏணி எங்க வாங்கப் போறே?" என்றாள் ஒர்லிந்தா.

அவர் ஏணி வாங்கவில்லை. அளக்கிற டேப்பை எடுத்தார். ஒரு வாரம் வீட்டுக்குள் உளவாளி மாதிரி நடமாடினார். ஒர்லிந்தா சமையலறை நாற்காலியிலிருந்து எழுந்தால் ஒரு முனகல். சோபாவிலிருந்து எழுந்தால் இரண்டு முனகலும் ஒரு புனிதரின் பெயரும். கட்டிலிலிருந்து மட்டும் சத்தமே இல்லாமல் எழுந்தாள். அவள் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கட்டிலை அளந்தார். மெத்தையோடு சேர்த்து இருபத்தேழு அங்குலம். வண்டி சீட்டு முப்பத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமை ஐஸ்பெட்டியின் மேல் கால் ஏறியது. "முடிவு பண்ணிட்டேன். அஞ்சு இஞ்சு. நாலும் கிடையாது, ஆறும் கிடையாது. வண்டியோட ஆன்மா கேக்குற நம்பர் அஞ்சு."

கூட்டம் மெய்சிலிர்த்தது.

வெள்ளிக்கிழமை காலை கொஸ்மே இரண்டு ஜாக்கி, நாலு ஸ்டாண்டு, ஒரு கிரைண்டரோடு வந்து இறங்கினான். கவுண்டியில் சாலை சமப்படுத்துகிற இயந்திரம் ஓட்டுகிறவன். நாள் முழுக்க அந்த இரைச்சலில் உட்கார்ந்தே பழகியதால் வீட்டிலும் பேச்சு குறைவு. அவன் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து முடிப்பதற்குள் பெலார்மினோ நாற்காலியை விரித்துவிட்டார்.

"அது எதுக்கு மச்சான்?"

"நான் இங்கேருந்து பாத்துக்கறேன். நீ பின் அச்சுலேருந்து ஆரம்பி."

கொஸ்மே நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்தான். தரையில் ஒரு அட்டையை விரித்தான். "வண்டி உன்னுது. படு."

பெலார்மினோ தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வண்டிக்கு அடியில் படுத்தார். மேலே பார்த்தார். முப்பத்தொரு வருடம் அவர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த சாமான்களெல்லாம் தலைகீழாக, துருப்பிடித்து, கண்ணில் மண் உதிர்த்துக்கொண்டு இருந்தன.

"இதுல ஸ்பிரிங் பட்டை எது?" என்றார்.

"மூக்குக்கு நேரா இருக்கே, அது."

பின்னால் வேலை சுலபம் என்று அவர் நாற்பது பேருக்குச் சொல்லியிருக்கிறார். பட்டைக்குக் கீழே தொங்குகிற அச்சைப் பட்டைக்கு மேலே மாற்றிக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் நாலு யூ-போல்ட்டுகள் இருந்தன. நாலும் 1979-லிருந்து ஒருவர் முகத்தையும் பார்த்ததில்லை. முதல் போல்ட் கழன்றபோது மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. இரண்டாவது கழலாமல் வெட்டுப்பட்டது. மூன்றாவதைப் பெலார்மினோ தகாத வார்த்தைகளால் திட்டினார். நாலாவதைக் கெஞ்சினார்.

ஒர்லிந்தா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். அட்டையின் மேல் இரண்டு ஜோடி பூட்ஸ் தெரிந்தது.

"தவம் எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுது!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. பின்னாலேயே ஸ்பேனர் விழுந்த சத்தமும் வந்தது.

"எங்க விழுந்துச்சு?"

"தரையில!"

"நெத்தியில, அக்கா," என்றான் கொஸ்மே.

சனிக்கிழமை முன்பக்கம். முன்சக்கரங்களுக்கு மேல் இருப்பது சுருள் ஸ்பிரிங். அதை வெளியே எடுத்து, கீழ்ச்சுற்றில் ஒரு பகுதியைக் கிரைண்டரால் வெட்டி, திரும்ப மாட்ட வேண்டும். கொஸ்மே ஸ்பிரிங்கைச் சங்கிலியால் கட்டிவிட்டுத்தான் தொட்டான். பெலார்மினோ சற்றுத் தள்ளி நின்று, சங்கிலியைப் பற்றி ஒரு உரை நிகழ்த்தினார். ஒரு முழுச் சுற்றை வெட்டினார்கள். மாட்டினார்கள். பதினொரு மணிக்கு ஜாக்கி இறங்கியது.

பெலார்மினோ டேப்போடு ஓடினார். அந்த ஊரில் வண்டி இறக்குகிறவர்கள் எல்லாரும் சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவைத்தான் அளப்பார்கள். இவர் வலதுபக்கக் கதவைத் திறந்து, தரையிலிருந்து சீட்டுவரை அளந்தார். கொஸ்மே அதைப் பார்த்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"முப்பது!" என்றார் பெலார்மினோ. குரல் உடைந்துவிட்டது. "ரெண்டு இஞ்சுதான் இறங்கியிருக்கு. இன்னொரு சுத்து வெட்டணும்."

"கொஞ்சம் உருட்டிப் பாத்துட்டு அளக்கலாம் மச்சான்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உருட்டாமல் அளக்காதே என்பது பெலார்மினோவின் முதல் கட்டளை. ஜாக்கியிலிருந்து இறங்கிய சக்கரம் தரையைக் கவ்விக்கொண்டு வண்டியைத் தூக்கிப் பிடித்திருக்கும்; பத்தடி முன்னால், பத்தடி பின்னால் உருட்டினால்தான் வண்டி தன் இடத்தில் உட்காரும். இதை மறந்துவிட்டு டேப்பை எடுத்த எத்தனையோ பேரின் மானத்தை அவர் ஊரார் முன்னால் வாங்கியிருக்கிறார். ஒருவனை 'அவசர அளவு' என்றே பெயர் வைத்துக் கூப்பிட்டார். அவனுக்குக் கல்யாணம் ஆன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

"உருட்டறதுக்கெல்லாம் நேரமில்ல," என்றார் பெலார்மினோ. "நாளைக்குத் திருவிழா. வெட்டு."

"மச்சான்..."

"இருபத்தாறு வருஷமா யோசிச்சவன் நானா நீயா? வெட்டு!"

கொஸ்மே வெட்டினான்.

மறுபடி மாட்டி இறக்கியபோது மணி மூன்று. இந்த முறை கொஸ்மே யாரையும் கேட்கவில்லை. வண்டியை ஸ்டார்ட் செய்து பத்தடி முன்னால் போனான், பத்தடி பின்னால் வந்தான். ஒவ்வொரு அடிக்கும் வண்டி ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே போனது. நின்றபோது, ஓடைக்கரையில் தண்ணீர் குடிக்கிற மாடு மாதிரி மூக்கைத் தரைக்குக் கொண்டுபோய் வைத்திருந்தது. பக்கத்து வீட்டு ஆடு வந்தது, குனிந்து பார்த்தது, திரும்பிப் போய்விட்டது.

பெலார்மினோ சீட்டை அளந்தார். இன்னொரு முறை அளந்தார். டேப்பை உதறிவிட்டு மூன்றாவது முறையும் அளந்தார். இருபத்துநாலரை.

"அழகா இருக்கு," என்றான் கொஸ்மே. அது உண்மை. அந்தப் பள்ளத்தாக்கில் வீட்டு முற்றத்தில் வைத்து இவ்வளவு அழகாக ஒரு வண்டியை யாரும் இறக்கியதில்லை.

பெலார்மினோ அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "சோபா," என்றார்.

"என்னது?"

"இது சோபா உயரம் கொஸ்மே. ரெண்டு முனகல். நான் அவளுக்குக் கட்டில் உயரம் கேட்டேன். சோபா உயரத்துல கொண்டுவந்து நிறுத்திட்டேன்."

கொஸ்மே அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீ எதுக்கு சீட்டை அளந்தேன்னு காலையிலயே தெரியும்," என்றான் கொஸ்மே. "ஸ்பிரிங்குக்கு அடியில ரப்பர் துண்டு வெச்சா ரெண்டு ரெண்டரை இஞ்சு ஏத்திடலாம்."

"ஏத்தறதா?" பெலார்மினோ நெஞ்சில் கை வைத்தார். "இறக்கின வண்டியை ஏத்தறதா? என் வண்டியையா?"

பெலார்மினோ வீட்டுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெளியில யாருக்கும் தெரியாம வெக்க முடியுமா?"

"வெக்கலாம்."

"அப்ப வெச்சுடு."

தவம், இனம், ஆன்மா எல்லாம் சேர்ந்து இருபத்தாறு வருடம் கட்டிய கோபுரத்தை அந்த மனிதர் ஒரே மூச்சில் இடித்துக்கொண்டார். கொஸ்மே உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டான். திருவிழாவுக்காக மத்தியானமே கடையை மூடிவிட்டார்கள். அடுத்த ஊர்க் கடையில் போனை எடுக்கவே ஆள் இல்லை.

அந்த நேரத்தில்தான் ஒர்லிந்தா ஒரு தட்டில் பச்சை மிளகாய் வைத்த ரொட்டிகளோடு வெளியே வந்தாள். வண்டியைப் பார்த்தாள். மண்ணில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேரையும் பார்த்தாள்.

"யாரு செத்துட்டாங்க?"

பெலார்மினோ டேப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"வண்டி எவ்வளவு இறங்கிச்சு கிழவா?"

"கொஞ்சம் அதிகமா," என்றார் பெலார்மினோ. "ஏழரை."

"கட்டில் என்ன உயரம்?"

பெலார்மினோ தலையைத் தூக்கினார். "எந்தக் கட்டில்?"

"நான் குளிக்கறப்ப அளந்தியே, அந்தக் கட்டில். டேப் மடங்கற சத்தம் ஊருக்கே கேக்குது. எனக்குக் கேக்காதா?"

அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்: நாற்காலி ஒரு முனகல், சோபா இரண்டு முனகல், கட்டில் மௌனம். ஒர்லிந்தா தட்டைக் கொஸ்மேயிடம் கொடுத்தாள்.

"அட மக்கு. சோபாவுல நான் முனகினா நீ காப்பி போட்டுக் கொண்டுவர்றே. கட்டில்ல முனகினா யாரு வரப்போறா? அந்நேரம் நீதான் குறட்டை விட்டுட்டு இருப்பியே."

"அப்ப முட்டி?"

"முட்டி என்ன முட்டி? அந்தப் பயிற்சி குடுக்குற பொண்ணு நாலு மாசமா என்னைக் குட்டி ஸ்டூல்ல உக்கார வெச்சு எழுப்பி உயிரை வாங்கியிருக்கா. கீழே உக்காந்து எந்திரிக்கறதுல பிரச்சனையே இல்ல. மேலே ஏறத்தான் முடியல."

சொல்லிவிட்டு வண்டியின் வலதுபக்கக் கதவைத் திறந்தாள். முதுகைக் காட்டி நின்றாள், கையை ஊன்றினாள், உட்கார்ந்தாள். இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து உள்ளே திருப்பினாள். பெலார்மினோ இரண்டு முனகலுக்காகக் காத்திருந்தார். ஒன்றுகூட வரவில்லை. ஒர்லிந்தா சீட்டில் நகர்ந்து நகர்ந்து நடுவில் போய் உட்கார்ந்தாள். பழைய இடத்தில் ரெக்சின் அவளுடைய அளவுக்குக் குழிந்தே இருந்தது. கைப்பை இல்லாததால், ஜன்னலோரத்தைக் கையால் தட்டிப் பார்த்தாள்.

"என்ன பாத்துட்டு இருக்கீங்க? ரொட்டி ஆறிடும்," என்றாள்.

பெலார்மினோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய்க் காரம் என்று கொஸ்மேயிடம் சொன்னார். அவர் இன்னும் ரொட்டியைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒர்லிந்தா ஊதா நிற உடுப்பு போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். பெலார்மினோ கதவைத் திறந்து மெல்ல உள்ளே இறங்கி உட்கார்ந்தார். சீட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. வாய்க்கால் மேட்டில் ஒரு தடவை, கோயில் வாசலில் ஒரு தடவை வண்டி தரையில் உரசித் தீப்பொறி பறந்தது. வழி நெடுகத் தெரிந்தவர்கள் கையசைத்தார்கள். வெள்ளை வேன் பின்னால் வந்துகொண்டிருந்தது. பெலார்மினோ கண்ணாடியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் தோளைக் கொஞ்சம் ஒர்லிந்தாவின் பக்கம் சாய்த்தார்.

"இடிக்காதே, ரோட்டைப் பாரு," என்றாள் ஒர்லிந்தா. அவள் நகர்ந்து உட்காரவில்லை.

வண்டி முற்றத்தில் நுழைந்தது. டயர்க்கடைக் கூட்டம் முழுவதும் சுற்றி வந்து குனிந்து பார்த்தது. 'அவசர அளவு' என்கிறவன் மண்டியிட்டே பார்த்தான்.

"அஞ்சுன்னு சொன்னீங்களே அண்ணே? இது ஏழுக்கு மேல இருக்கும் போலிருக்கே?"

"அஞ்சுன்னு சொன்னது உங்களுக்காக," என்றார் பெலார்மினோ, முழங்கையை ஜன்னலில் வைத்தபடி. "முழுசாச் சொன்னா தாங்க மாட்டீங்க."

"உருட்டி அளந்தீங்களா?"

"என்னைப் பாத்தா கேக்கற கேள்வியா தம்பி இது?"

ஒர்லிந்தா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். அவளுடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

இறங்கி வந்து பேசச் சொல்லி அவர்கள் கூப்பிட்டார்கள். அப்புறம் வருகிறேன் என்றார் பெலார்மினோ. பூசைக்கு மணியடித்தது. இங்கிருந்தே கேட்கிறேன், வண்டிக்குக் காவல் வேண்டாமா என்றார். அவர் கர்வம் முற்றிப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்று டயர்க்கடைக் கூட்டம் பெருமையாகப் பேசிக்கொண்டு கோயிலுக்குள் போனது. ஒர்லிந்தா வலதுபக்கமாக நகர்ந்தாள். கால்களை வெளியே திருப்பி, ஊன்றி எழுந்து, உடுப்பை நீவிவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

பூசை முடிந்து சாமியார் தீர்த்தத்தோடு வந்தார். சொந்தக்காரன் வண்டியின் பானெட்டில் கை வைத்து நிற்க வேண்டும், அதுதான் முறை. வரிசையில் எல்லாரும் நின்றார்கள். சாமியார் செவர்லேயின் முன்னால் வந்து காத்திருந்தார்.

"இறங்குங்க பெலார்மினோ."

"உக்காந்துக்கிட்டே மந்திரிச்சா பலிக்காதா சாமி?"

ஒர்லிந்தா ஜன்னலருகே குனிந்தாள். "என்ன ஆச்சு கிழவா?"

"முந்தாநாள் முழுக்க அட்டையில படுத்தேனா," என்றார் பெலார்மினோ மிக மெல்லிய குரலில். "இடுப்பு பிடிச்சிருக்கு. உள்ளே வந்துட்டேன் ஒர்லி. வெளியே வரத் தெரியல."

அவரை வெளியே இழுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள்: கொஸ்மே, ஒர்லிந்தா, சாமியார்.